அப்பா நிறுத்தப் போன இயந்திரம்

பாய்லர் வெடித்துவிட்டது என்றே நாங்கள் நம்பினோம்.

வேறெதை நம்புவோம். பனியன் தொழிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த பெரிய சத்தம் அது ஒன்றுதான். தரை ஒருமுறை கீழே இறங்கி மேலே வருகிறது. சன்னல் கண்ணாடிகள் உதிர்கின்றன. தையல் வரிசைகளுக்கு மேலே தொங்கும் விளக்குகள் ஊஞ்சல்போல் ஆடுகின்றன. என் கணவர் கதிர்வேல் கட்டிங் மேசைமீது ஏறி நின்று கத்துகிறார்.

"பாய்லர். பாய்லர். எல்லாரும் வெளிய ஓடுங்க."

முதலில் தமிழில். பிறகு அந்த ஊர் மொழியில். பாய்லர் வெடித்தால் கட்டடத்தைவிட்டுத் திறந்தவெளிக்கு ஓட வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் பாடம். ஓடினோம். நான் தாரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். அவளுக்கு ஆறு வயது. தூக்கும் வயதைத் தாண்டியவள். அன்று எடையே இல்லை.

முற்றத்தில் நிற்கிறோம். வெயில். எல்லோரும் பாய்லர் அறையைப் பார்க்கிறார்கள். பாய்லர் அறை முழுதாக இருக்கிறது. புகைபோக்கியில் வழக்கமான புகை.

இரண்டாவது சத்தம் மேலிருந்து வந்தது. முதலில் ஒரு கிழிசல். பனியன் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல. அதன் பின் அடி. வானத்திலிருந்து எந்தப் பாய்லரும் விழுவதில்லை.

"உள்ள போங்க. உள்ள போங்க. குண்டு."

குண்டு விழுந்தால் கட்டடத்துக்குள் ஓட வேண்டும். நாங்கள் வெளியே நின்றோம். மரியம் விழுந்தாள். தையல் வரிசையின் மேற்பார்வைக்காரி. தாரணிக்குத் தன் மொழியில் எண்ணக் கற்றுக்கொடுத்தவள். கழுத்தில் அளவு நாடா கிடந்தபடியே விழுந்தாள்.

அந்த நாட்டின் பெயரை எழுதவில்லை. எங்களோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பெயர் எழுதினால் அவர்களுக்கு ஆபத்து. இது மட்டும் போதும்: பனியன் ஆலை ஒன்றை அங்கே தொடங்கினார்கள். உற்பத்தியைக் கவனிக்கத் திருப்பூரிலிருந்து கதிர்வேலை அழைத்தார்கள். ஆலை வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. நான் தமிழாசிரியை. அங்கிருந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். நாங்கள் போனபோது அங்கே போர் இல்லை.

நூல் கிடங்குக்குள் போகிறோம். துணி உருளைகளைச் சுவர்போல அடுக்குகிறார்கள். நடுவில் நாங்கள். நம்மவர்கள், அந்த ஊர்ப் பெண்கள், குழந்தைகள். வெளியே கிழிசல், அடி. கிழிசல், அடி. ஒவ்வொரு அடிக்கும் உருளைகளிலிருந்து பஞ்சுத் தூசு எழுகிறது. தாரணி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கேட்கிறாள், அது என்ன சத்தம் என்று.

கதிர்வேல் தயங்கவில்லை. "மெஷின் கண்ணு. ஒரு பெரிய மெஷின் கெட்டுப்போய் நிக்காம ஓடுது."

அவள் கைகளை எடுத்தாள். மெஷின் அவளுக்குத் தெரிந்த பொருள். தொட்டில் கட்டியதே தையல் இயந்திரங்களுக்குப் பக்கத்தில். கிடங்கிலிருந்த மற்ற தாய்மாரும் தங்கள் பிள்ளைகளிடம் அதையே சொன்னார்கள். தெரிந்த பெயரை வைத்துவிட்டால் குழந்தை பயப்படாது என்று நம்பினோம். அந்த மதியத்தில் அது பலித்தது.

பாய்லர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட ஆள் ஓடிப்போயிருந்தார். கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாய்லர் அறை. நீர் வற்றி அழுத்தம் ஏறினால், காலையில் நாங்கள் தவறாக நம்பியது மாலைக்குள் உண்மையாகிவிடும். எல்லோரும் கிடங்குக்குள்.

கதிர்வேல் எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். என்னிடம் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். "வெளிய ஓடச் சொன்னது நாந்தானே, புள்ள." பிறகு தாரணியிடம் குனிந்து, அவளுக்குக் கேட்கும்படி:

"நான் போயி மெஷினை நிறுத்திப்போட்டு வந்தர்றேன், சாமி. அம்மாகூட இரு."

துணி உருளைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து போனார். செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். பிறகு நெடுநேரம் எதுவுமில்லை. பிறகு அது வந்தது. சீறல். வால்வைத் திறந்து நீராவியை வெளியே விடும் சீறல். நீண்டது. ஒரு மூச்சில் அடங்காதது. ஸ்ஸ்ஸ் என்று மெல்ல மெலிந்து, மெலிந்து, ஓய்ந்தது. கிடங்கில் யாரோ கடவுளை அழைத்தார்கள். அவர் முடித்துவிட்டார். திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

கிழிசல். அடி.

அவரை அந்த ஊர்த் தொழிலாளர்கள் புதைத்தார்கள். ஆலையின் பின்சுவரோரம், வேப்பமரம் போன்ற ஒரு மரத்தடியில். எனக்குக் காட்டவில்லை. நான் தாரணியை மடியில் வைத்திருந்தேன். அதன் பின்னும் பல நாட்கள் குண்டுகள் விழுந்தன. பேருந்து வந்தது. துறைமுகம். கப்பல். விமானம். வழி நெடுக, சத்தம் கேட்கும்போதெல்லாம், தாரணி ஒன்றையே கேட்டாள்.

"இன்னும் ஓடுதாம்மா?"

நான் தலையசைத்தேன். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

*

திருப்பூர், மண்ணரை. ஒரு தையல் யூனிட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஓவர்லாக் இயந்திரங்கள். பக்கத்துச் சந்தில் கம்ப்ரசர். எதிரே அயர்ன் போடும் பிரிவு. ஷிப்ட் முடியும்போது அங்கேயும் ஒரு சிறிய பாய்லரிலிருந்து நீராவியை விடுவார்கள். ஸ்ஸ்ஸ்.

அருகிலிருந்த பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. தாரணியை அதே பள்ளியில் சேர்த்தேன். அவள் வரவில்லை. சீருடை போட்டுக்கொள்வாள். படி இறங்குவாள். கடைசிப் படியில் வயிறு வலிக்கும். நடிப்பல்ல. நெற்றியில் வேர்வை துளிர்க்கும். விரல் நகங்களைச் சதை தெரியக் கடித்திருந்தாள். கீழே இயந்திரங்கள் ஓடும்போது உறைந்து நிற்பாள். மின்சாரம் போனால் வாசலுக்கு ஓடுவாள். தெருமுனையைப் பார்ப்பாள். மின்சாரம் வந்ததும் அழுதுகொண்டே உள்ளே வருவாள்.

எல்லோரும் சொன்னார்கள்: சத்தத்துக்குப் பயப்படுகிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போரிலிருந்து வந்த குழந்தை. வேறென்ன இருக்க முடியும். மந்திரித்துத் திருநீறு போட்டார்கள். முருகன் கோயிலில் கயிறு கட்டினார்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். மறந்துவிடுவாள் என்றார்கள். பேசாதே என்றார்கள். நினைவுபடுத்தாதே என்றார்கள்.

கதிர்வேலின் அக்கா சரசு. நான் நங்கையா என்று அழைப்பேன். சேவூரில் தோட்டம். தம்பிக்குக் காரியம் செய்த நாளில் தாரணியை அண்டை வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான். "அப்பன் வேலை முடிஞ்சதும் வருவான், கண்ணு" என்று அவளிடம் சொன்னவரும் அவர்தான். அன்று நானும் அதைக் கேட்டேன். யாரும் அதைத் திருத்தவில்லை.

நங்கையா ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணரைக்கு வந்தார். கையில் காலிப் பை.

"அம்முணி, நாஞ்சொல்றனேன்னு கோவிச்சுக்காதே. இந்த ஊட்ல ஒரு மனுசி இருக்க முடியுமா. எனக்கே நெஞ்சு திக்குதிக்குங்குது. கொளந்தையை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க சத்தமுன்னா மயிலு அகவற சத்தந்தான்."

"எத்தனை நாளைக்குங்க?"

"நாளென்ன நாளு. அங்கயே பள்ளிக்கோடத்துல சேத்துப்போடலாம். நீ சனி ஞாயிறு வந்து பாத்துக்க."

பையில் தாரணியின் துணிகளை அவரே மடித்து வைத்தார். அன்பில்தான் செய்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் குழந்தையை என்னிடமிருந்து பிரிக்கும் கை அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை. விடுமுறை நாட்கள் மட்டும் பார்ப்போம் என்றேன். நானும் கூடப் போனேன். அவள் தேறிவிட்டால் அங்கேயே விட்டுவிடுவது என்று பேச்சு.

சேவூர். சோளக்காடு. கிணறு. காற்று. நங்கையா சொன்னது பொய்யில்லை. எந்த இயந்திரமும் இல்லை. தாரணி வண்டியிலிருந்து இறங்கினாள். நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நான் கண்ட மலர்ச்சி.

"பாத்தியா" என்றார் நங்கையா. "பாத்தியா அம்முணி. எறங்குன ஒடனே."

தாரணி தோட்டத்துக் கதவுக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலையைப் பார்த்தாள். காலை உணவுக்கு வரவில்லை. கூப்பிட்டால் இதோ என்கிறாள். அசையவில்லை. வெயில் ஏறுகிறது. நங்கையா குடை கொண்டுபோய்ப் பிடித்தார். மதியம் நங்கையா இலை போட்டார். அரிசிப் பருப்புச் சாதம். அவளுக்குப் பிடித்தது. கதவிலிருந்தே தாரணி சொன்னாள்.

"அத்தை, அப்பாவுக்கும் எடுத்து வைங்க. மெஷின் நின்னுருச்சு."

நங்கையாவின் கையில் கரண்டி இருந்தது. அது அப்படியே நின்றது.

"அப்பா வந்துருவாரு. நிறுத்திப்போட்டு வர்றேன்னு சொன்னாருல்ல. ஏம்மா இன்னும் வரல?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வழி நெடுக அவள் கேட்ட கேள்வி புரிந்தது. வாசலுக்கு ஓடியது புரிந்தது. அவள் சத்தத்துக்குப் பயந்தவள் அல்ல. சத்தம் கேட்டால் அப்பாவால் இன்னும் நிறுத்த முடியவில்லை. சத்தம் நின்றால் அப்பா வர வேண்டும். திருப்பூரில் ஒரு நாளில் எத்தனை இயந்திரங்கள் ஓடி நிற்கின்றன. அத்தனை முறை அவள் தன் அப்பாவை எதிர்பார்த்திருக்கிறாள். அத்தனை முறை அவர் வரவில்லை. அமைதியான ஊருக்கு அவளை அனுப்பியிருந்தால், வாழ்நாள் முழுக்கக் கதவருகே நிற்கவிட்டிருப்போம்.

நங்கையா தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நீயே சொல்லிப்போடு, அம்முணி. என்னால ஆவாது. நாஞ்சொன்ன பொய்யி அது."

நான் கதவருகே போனேன். மண்ணில் உட்கார்ந்தேன். அவள் உயரத்துக்கு வந்தேன். மெல்லிய சொற்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் சொற்களோடு இருந்தவள். ஒன்றையும் எடுக்கவில்லை.

"அப்பா செத்துப்போயிட்டார், கண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். கம்பியை விடவில்லை.

"மெஷினா அடிச்சுது?"

"இல்ல. அது மெஷின் சத்தம் இல்ல. குண்டு. மனுசங்க போட்டது. உனக்குப் பயமா இருக்கக் கூடாதுன்னு மெஷின்னு சொன்னோம். அது தப்பு."

"அப்ப அப்பா எதை நிறுத்தப் போனாரு?"

"பாய்லரை. அதை நிறுத்தலேன்னா நாம இருந்த கிடங்கு வெடிச்சிருக்கும். நீ, நான், அங்கிருந்த எல்லாரும்."

"நிறுத்துனாரா?"

"நிறுத்துனார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

ஆறு வயதுக் குழந்தை கேட்க வேண்டிய கேள்விதான். சான்று கேட்டாள். என்னிடம் ஒரு சான்று இருந்தது. நான் மூச்சை இழுத்தேன். பற்களுக்கிடையே மெல்ல விட்டேன். ஸ்ஸ்ஸ். நீளமாக. மெலிந்து, மெலிந்து, ஓயும்வரை.

அவள் கண்கள் விரிந்தன. "அந்தச் சத்தம். எனக்கும் கேட்டுது."

"அதுதான் அப்பா. வால்வைத் திறந்துவிட்டது. போன வேலையை முடிச்சார். அதுக்கப்புறம்தான் குண்டு."

அவள் அழுதாள். நங்கையா பயந்து ஓடிவந்தார். நான் கை நீட்டித் தடுத்தேன். அழட்டும். பல மாதங்களாக அவள் காவல் நின்றாள். காவல் முடிந்தவர்கள் அழுவார்கள். அன்று மாலை என் மடியில் படுத்துக்கொண்டு அந்தச் சீறலை அவளே செய்துபார்த்தாள். முதலில் குட்டையாக. பிறகு நீளமாக.

*

மண்ணரைக்குத் திரும்பினோம். உறவில் பலருக்குக் கோபம். குழந்தையிடம் சாவைச் சொன்னவள் என்றார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லட்டும். குண்டு போட்டவர்கள் என் கணவரை எடுத்தார்கள். என் குழந்தைக்குத் தெரிய வேண்டிய உண்மையையும் எடுத்துக்கொள்ள யாரையும் விடமாட்டேன்.

உண்மை தெரிந்ததும் பயம் ஓடிவிடவில்லை. அப்படி எழுதினால் இதுவும் பொய்யாகும். வயிற்றுவலி நின்றது. இரண்டு வாரங்களில் திரும்பி வந்தது. இப்போது வேறு கவலை. அம்மாவும் போய் வராவிட்டால். நான் பள்ளிக்குக் கிளம்பினாலும் கேட்பாள். குளிக்கப் போனாலும் கேட்பாள். குழந்தைகளின் மனத்துக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் போனோம். பயத்தைத் துரத்தாதீர்கள், அது எங்கே இருக்கிறது என்று அவளைக் காட்டச் சொல்லுங்கள் என்றார். நான் கேட்டேன். அவளுக்குக் காட்டத் தெரியவில்லை.

கீழே யூனிட்டில் ஜெபமணி செக்கிங் வேலை பார்க்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. தைத்து வரும் சட்டைகளில் பிழை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். திருத்தித் தைத்தால் சரியாகும் சட்டைக்கு ஆல்ட்டர் என்று பெயர். தேறாதது ரிஜெக்ட். தாரணி அவளருகே உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் அம்பு ஒன்றை உரித்துத் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, என்ன இது. ஸ்டிக்கருக்குக் கணக்கு உண்டும், பாத்துக்க. சூப்பர்வைசர் என்னையப் பிச்சிருவாரு."

"இங்கதான்க்கா இருக்கு."

"எது?"

"வெசனம்."

ஜெபமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையைப் பார்க்கும் அதே பார்வை. "திருப்பு. பின்னால ஒண்ணும் இல்லியே? செரி, ஆல்ட்டரா ரிஜெக்ட்டா?"

"ஆல்ட்டர்."

"பொறவென்ன. வாயப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கா. போ, மேல போய்த் தைச்சுட்டு வா."

தாரணி சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். அம்பை எனக்குக் காட்டினாள். அது முதல் வீட்டில் அம்புகள் உண்டு. சில நாள் தொண்டையில் ஒட்டியிருக்கும். சில நாள் நெஞ்சில். எங்கே என்று தெரிந்தால் நான் அங்கே கை வைப்பேன். என்ன நினைத்தாய் என்று கேட்பேன். நடக்கக்கூடியதா, நடக்காததா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். பிறகு வால்வைத் திறப்போம். மூச்சை இழுத்து, ஸ்ஸ்ஸ் என்று மெல்ல விடுவோம். அழுத்தம் இறங்கும்வரை. அவளுக்கு அது யாரோ கற்பித்த பயிற்சி அல்ல. அவள் அப்பாவின் வேலை. நான் வெளியே போகும்போது, எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். சொன்னபடி வருகிறேன். தாமதமானால் அழைத்துச் சொல்கிறேன். எளிய காரியங்கள். ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியவை.

என்னைக் கேட்கிறார்கள். பிஞ்சு மனத்தில் ஏன் போரை ஏற்றுகிறாய் என்று. நான் ஏற்றவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. பெயர் தெரியாமல் இருந்தது. நாம் பெயர் சொல்லாவிட்டால் குழந்தைகள் தாங்களே ஒரு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரோடு தனியே கதவருகே நிற்பார்கள்.

தாரணி பள்ளிக்குப் போகிறாள். சில நாள் கடைசிப் படியில் நிற்கிறாள். சீறுகிறாள். இறங்குகிறாள்.

சென்ற வாரம் பகலில் மின்சாரம் போனது. கீழே எல்லா இயந்திரங்களும் ஒரே நொடியில் நின்றன. கம்ப்ரசர் ஒருமுறை விம்மி அடங்கியது. சந்து முழுதும் நிசப்தம். நங்கையா அன்று வந்திருந்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தாரணி பாய்மீது படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் தலை உயர்ந்தது. உடல் ஒருமுறை எழ முயன்றது. கண்டேன். பிறகு அவள் கண்களை மூடினாள். நீளமாக மூச்சை விட்டாள். மெலிந்து, மெலிந்து, ஓயும்வரை.

"கரண்ட் போயிருச்சுங்க அத்தை" என்றாள். "அவ்வளவுதான்."

நங்கையா மறுபடி காய் நறுக்கத் தொடங்கினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு வெங்காயம் காரணம் என்றார். நறுக்கியது கத்தரிக்காய்.

இழந்தவர்களை எண்ணி எழுதுகிறேன். கதிர்வேல், என் கணவர், பாய்லரை நிறுத்தியவர். மரியம், எண்ணக் கற்றுக்கொடுத்தவள். அவளோடு முற்றத்தில் விழுந்தவர்கள். அவர்கள் முகம் நினைவிருக்கிறது, பெயர் கேட்டு வைக்காமல் வந்துவிட்டேன். இழந்தவை: ஒரு வீடு. நான் கொண்டுபோன புத்தகங்கள். கதிர்வேலின் சட்டைகள் எல்லாம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் கிடக்கும் இடத்தில் ஒரு பூ வைக்கும் வழி. ஒரு குழந்தை கதவருகே நின்று கழித்த மாதங்கள்.

மண்ணரையில், இயந்திரங்களுக்கு மேலே, தாரணியும் நானும் இருக்கிறோம்.